41 கிலோ லாப்ரடார், வீட்டில் ஏழு பேர் கை: எடையைக் குறைக்க என்ன வழி?

மன்னை_மருமகள் (மன்னார்குடி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு லாப்ரடார் சீசருக்கு அஞ்சு வயசு முடியப் போகுது. போன வாரம் தடுப்பூசி போடக் கூட்டிட்டுப் போனோம், எடை பார்த்தா 41 கிலோ. டாக்டர், "32க்குள்ள கொண்டு வாங்கம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த நாயைப் பார்க்கப் போயிட்டார். எப்படின்னு நின்னு கேட்க முடியலை, வெளியில அவ்வளவு கூட்டம்.

ரெண்டு வயசுலயே கருத்தடை பண்ணியாச்சு. இப்ப திண்ணையிலேர்ந்து இறங்கவே யோசிக்கிறான். மதியம் ஆனா மூச்சு இரைக்குது.

சாப்பாடு இதுதான்: காலையில கால் லிட்டர் பால் (ஆவின் ஆரஞ்சு பாக்கெட்), நாலு இட்லி. ரெண்டு வேளையும் சேர்த்து 300 கிராம் டிரை ஃபுட். மதியம் ஒரு கிண்ணம் தயிர் சாதம். சாயங்காலம் மாமனார் டீ குடிக்கும்போது பிஸ்கட், ஏழு எட்டு இருக்கும். இது எனக்குத் தெரிஞ்சது. வீட்டுல ஏழு பேர் இருக்கோம், தெரியாம எவ்வளவு போகுதோ. மாமனாரோட அம்மாவுக்கு 80 தாண்டியாச்சு. "வாயில்லா ஜீவன், வயித்தைக் காயப் போடாதே"ன்னு அவங்க தட்டுலேர்ந்தே எடுத்து வைப்பாங்க. அவங்களை யாரும் எதுவும் சொல்ல முடியாது. நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும், புரிஞ்சுக்கோங்க.

யாராவது குறைச்சிருந்தா வழி சொல்லுங்க.

திண்ணை_வாசி (பாபநாசம்)

லாப்ரடார்னாலே கொழுகொழுன்னுதான்மா இருக்கும், அதுதான் அழகு. நாங்க வளர்த்த நாயெல்லாம் பழைய சோறும் மீன் குழம்பும் தின்னுட்டு பதினாலு வருஷம் இருந்துச்சு. இந்தக் கலோரி கணக்கெல்லாம் டிவியில சொல்றது.

சிப்பிப்பாறை_பிரியன் (பட்டுக்கோட்டை)

அண்ணே, உங்க நாய் பழைய சோறு தின்னுட்டு நாள் பூரா வயல்ல எலி துரத்திச்சு. இவங்க நாய் தின்னுட்டு ஃபேன் கீழ படுக்குது. ரெண்டும் ஒண்ணா?

என்கிட்ட இருக்கிற சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு லேசாத் தெரியும். அந்த ஜாதிக்கு அதுதான் சரியான உடம்பு. தெருவுல போறவங்கல்லாம் "சோறு போட மாட்டியா"ன்னு கேட்டுட்டுப் போவாங்க. நம்ம ஊர்ல ஒல்லி நாயைப் பார்த்தா பரிதாபப்படுவாங்க, குண்டு நாயைப் பார்த்தா கொஞ்சுவாங்க. அங்கதான் தொல்லையே ஆரம்பிக்குது.

ஓய்வு_கால்நடை (தஞ்சாவூர்)

மேடம், அரசு கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடை கூடுதல் என்று தெரிந்ததும் தட்டைப் பாதியாக்கிவிடாதீர்கள். பெருத்த நாய் எல்லாம் தின்றே பெருத்தது என்று சொல்ல முடியாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எடை ஏறும். அப்போது நாய் எந்நேரமும் சோம்பிக் கிடக்கும், உடம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டும், வால் மொட்டையாகும். தண்ணீரை அளவில்லாமல் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, வயிறு மட்டும் தொங்கினால், கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மிகுவதால் வரும் குஷிங் நோயா என்று பார்க்க வேண்டும். அரிப்புக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்திருந்தாலும் பசி கூடி உடம்பு போடும். வயிறு பெரிதாகவும் முதுகெலும்பு துருத்திக்கொண்டும் இருந்தால் அது கொழுப்பே இல்லை, நீர் கோத்திருக்கலாம். கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு, பருவம் முடிந்த சில வாரங்களில் வயிறு வீங்கிச் சோர்ந்து போனால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம்; அதற்கு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2012இல் தொடங்கியது. ஒரு முறை அங்கே காட்டி, ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

சீசர் விஷயத்தில் காரணம் பெரும்பாலும் தட்டுதான் என்று நினைக்கிறேன். கருத்தடைக்குப் பிறகு நாயின் எரிசக்தித் தேவை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறையக்கூடும், ஆனால் பசி குறையாது. போதாததற்கு இது லாப்ரடார். 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கண்டார்கள். அப்படிப்பட்ட நாய்க்குத் தீனி மேல் ஆசை மற்றதைவிட அதிகம். ஆகவே "பாவம், பசியோடு பார்க்கிறான்" என்ற பார்வையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தின்று முடித்த அடுத்த நிமிடமும் அவன் அப்படித்தான் பார்ப்பான்.

உடம்பைக் கையால் பாருங்கள். உங்கள் கையை விரித்து, புறங்கையில் விரல் தொடங்கும் இடத்தைத் தடவுங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. முஷ்டி மடக்கினால் முட்டி எலும்பு துருத்துகிறதே, அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கைச் சதை மாதிரி அமுக்கித் தேட வேண்டியிருந்தால் பருமன். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்க வேண்டும். நாங்கள் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவோம், நாய்க்கு 4, 5 நல்லது. அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் பத்து சதவீதம் கூடுதல் எடை. 32 இருக்க வேண்டிய இடத்தில் 41 என்றால் சீசர் 8ஐ ஒட்டி இருப்பான்.

இனி கணக்கு. இன்றைய 41க்கு அல்ல, இருக்க வேண்டிய 32க்குத்தான் தீனி போட வேண்டும். 32ஐ 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 940 கலோரி வரும். ஒரு நாளுக்கு அவ்வளவுதான். நீங்கள் எழுதியதைக் கூட்டுங்கள்: பால் 200க்கு மேல், நான்கு இட்லி 200, டிரை ஃபுட் 300 கிராமுக்கு ஆயிரத்தை ஒட்டி (பையின் பின்பக்கம் எண் இருக்கும்; 100 கிராமுக்கு 330லிருந்து 400 வரை பிராண்டைப் பொறுத்து மாறும்), தயிர் சாதம் 300, பிஸ்கட் ஒன்றுக்கு 20 வைத்தால் 150. மொத்தம் 1,900ஐத் தொடுகிறது. பாட்டியம்மா தட்டு இதில் சேரவில்லை.

வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் இறங்கினால் நல்லது. சீசருக்கு 400 கிராமிலிருந்து 800 கிராம் வரை. ஐந்தாறு மாதம் ஆகும், ஆகட்டும்.

மன்னை_மருமகள்

சார், ரொம்ப நன்றி. 1,900ன்னு படிச்சதும் வீட்டுக்காரர்கிட்ட போனைக் காட்டினேன். "அப்ப நான் கொடுக்கிற முட்டை?"ன்னு கேக்கிறார். அது எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்.

குடந்தை_பக் (கும்பகோணம்)

அக்கா, எங்க பக் நாய்க்கும் இதே கதை. டாக்டர் சார் சொன்ன கணக்கு சரி, ஆனா கூட்டுக் குடும்பத்துல கணக்கு தெரிஞ்சா மட்டும் போதாது. ஒருத்தர் குறைப்பாங்க, இன்னொருத்தர் ஈடு கட்டுவாங்க. எங்க வீட்டுல வேலைக்கு வந்தது ஒரு டப்பா.

காலையில ஒருத்தர், ஒரே ஒருத்தர், அன்னிக்கு நாள் பூராவுக்கும் உண்டான தீனியை கிச்சன் தராசுல எடை போட்டு ஒரு எவர்சில்வர் டப்பாவுல போட்டு வைக்கணும். யார் என்ன கொடுக்கணும்னாலும் அதுலேர்ந்துதான் எடுத்துக் கொடுக்கணும். டப்பா காலியானா கடை மூடியாச்சு. யாரையும் "கொடுக்காதே"ன்னு சொல்ல வேண்டியதில்லை. "டப்பாவுலேர்ந்து கொடுங்க"ன்னு சொன்னாப் போதும். சொல்ற மாதிரியும் இருக்கும், மனசு நோகாமலும் இருக்கும்.

டம்ளர் கணக்கு வேண்டாம். எங்க அப்பா போட்டா டம்ளர் கோபுரமா நிக்கும், தம்பி போட்டா தலை தட்டி இருக்கும். தராசு வாங்கிடுங்க, சில நூறு ரூபாய்தான்.

இன்னொண்ணு, டப்பாவை உங்க பாட்டி பொறுப்புல விடுங்க.

சிங்கை_வலங்கைமான்

பாட்டி பொறுப்புலயா? பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கிற கதையால்ல இருக்கு.

குடந்தை_பக்

இல்லண்ணே, நெசமாத்தான் சொல்றேன். அவங்க கொடுக்கிறது நாய் தன்கிட்ட வரணும்னுதான். டப்பா அவங்ககிட்ட இருந்தா நாள் பூரா நாய் அவங்க பின்னாடிதான் சுத்தும். அதுக்கு மேல அவங்களுக்கு என்ன வேணும்? அளந்து வைக்கிறது மட்டும் மருமகள் கையில இருக்கட்டும்.

ஓய்வு_கால்நடை

நல்ல யோசனை தம்பி. டப்பாவில் என்ன வைப்பது என்று நான் சொல்கிறேன். டிரை ஃபுட் 200 கிராம், உப்பு மஞ்சள் இல்லாமல் வேகவைத்த தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 80 கிராம், வேகவைத்த பரங்கிக்காயும் பீன்ஸும் ஒரு கை, பாட்டியம்மா கையால் கொடுக்க ஒரு இட்லி, பிட்டுப் பிட்டு. டிரை ஃபுட் 100 கிராமுக்கு 350ஐத் தாண்டாவிட்டால் எல்லாம் 920 கலோரிக்குள் அடங்கும். தீனியல்லாத கொசுறு மொத்தத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது, அதற்குத்தான் ஒரே இட்லி. சுரைக்காய், வெள்ளரி, கேரட் எல்லாம் வயிற்றை நிரப்பும், கலோரி சொற்பம். பாலை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் போதும்.

டிரை ஃபுட்டை நிறுத்திவிட்டு வெறும் சோறும் கறியும் போட்டுக் குறைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் குறைந்துபோகும். மாதக்கணக்கில் அப்படி ஓட்டக் கூடாது. 200 கிராமுக்கும் கீழே இறங்க வேண்டி வந்தால், எடை குறைப்பதற்கென்றே புரதமும் நாரும் கூட்டிச் செய்த தீனி விற்கிறது, மருத்துவரைக் கேட்டு அதற்கு மாறுங்கள்.

சாம்பார் சாதம் கூடவே கூடாது. வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சின்ன வெங்காயத்துக்கும் இது பொருந்தும், வெந்துவிட்டதால் விஷம் போய்விடாது.

மண்டி_பையன் (திருவாரூர்)

எடை பார்க்க ஒவ்வொரு வாரமும் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம். நாங்க அரிசி மண்டி வச்சிருக்கோம். மூட்டை நிறுத்துற எலக்ட்ரானிக் தராசு எல்லா மண்டியிலயும் இருக்கும். தெருக்காரங்க ரெண்டு பேர் ஞாயித்துக்கிழமை காலையில நாயைக் கூட்டிட்டு வருவாங்க. நாய் முதல்ல தகர மேடையில கால் வைக்கவே வைக்காது, வழுக்கும். மேல ஒரு கோணிச் சாக்கை விரிச்சு, பட்டனை அமுக்கி சைபர் ஆக்கிட்டு ஏத்துங்க. மூக்குக்கு நேரா ஒரு கேரட் துண்டைப் பிடிச்சா ரெண்டு நொடி அசையாம நிக்கும், அதுக்குள்ள எண் நின்னுடும்.

ஒரே தராசு, ஒரே நேரம், காலையில தீனிக்கு முன்னாடி. தராசை மாத்தினா அரை கிலோ ஏறின மாதிரியோ இறங்கின மாதிரியோ காட்டும், சும்மா மனசு கெடும்.

நாகை_பூனை (நாகப்பட்டினம்)

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். எங்க பூனை ஏழு கிலோ. பக்கத்து வீட்டுல மீன் ஆயும்போதெல்லாம் சுவர் மேல உக்காந்துடும். ரெண்டு நாள் பட்டினி போட்டா சரியாகும்னு எங்க அண்ணன் சொல்றான். போடலாமா?

ஓய்வு_கால்நடை

போடவே கூடாது அம்மா. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு முழுக்கக் கல்லீரலில் போய் அடைத்துக்கொள்ளும். மஞ்சள் காமாலை கண்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். புதுத் தீனி பிடிக்காமல் ஒரு நாள் முழுக்கத் தொடாவிட்டாலே பழையதைக் கொடுத்துவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள். பூனைக்கு வாரம் ஒரு சதவீதத்துக்கு மேல் அவசரப்பட வேண்டாம். ஏழு கிலோவில் 70 கிராம், அவ்வளவுதான்.

மீன் கொடுக்கலாம், வேகவைத்துக் கொடுங்கள். நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகவே தினமும் தின்றால் தயமின் என்ற பி1 வைட்டமின் அழிந்து நரம்புக் கோளாறு வரும். கருவாடு வேண்டாம், அத்தனையும் உப்பு. பக்கத்து வீட்டாரிடம் நேராகப் பேசுங்கள், வேறு வழியில்லை.

பின்னங்காலுக்கு முன்னால் தோல் மட்டும் பை மாதிரி ஆடினால் அதைத் தொப்பை என்று எண்ணாதீர்கள். ஒல்லிப் பூனைக்கும் அது உண்டு.

சிங்கை_வலங்கைமான்

நடைப்பயிற்சி பத்தி யாரும் எழுதலையே? ஊர்ல எங்க அப்பா காலையில ஒன்பது மணிக்கு நாயைக் கூட்டிட்டுப் போறார். வீடியோ கால்ல பார்க்கும்போதே எனக்கு மூச்சு வாங்குது.

குடந்தை_பக்

ஒன்பது மணியா! நம்ம ஊர் வெயிலுக்கு அஞ்சரைக்குக் கிளம்பி ஏழுக்குள்ள திரும்பிடணும் அண்ணே. குண்டு நாய்க்கு வெப்பம் சீக்கிரம் தலைக்கேறும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு இன்னும் மோசம். சாயங்காலமும் தார் ரோட்டுல புறங்கையை வச்சுப் பாருங்க, நம்மால தாங்க முடியலைன்னா அதாலயும் தாங்க முடியாது.

ஆரம்பத்துல பத்து, பதினைஞ்சு நிமிஷம் போதும். ஓட விடாதீங்க. இத்தனை எடையோட ஓடினா முழங்கால் சவ்வு கிழிஞ்சிடும், அப்புறம் ஆபரேஷன். நடையை மட்டும் நம்பியும் இருக்காதீங்க. அரை மணி நேரம் நடந்து செலவாக்கினதை நாலஞ்சு பிஸ்கட் திருப்பிக் கொடுத்துடும்.

சிப்பிப்பாறை_பிரியன்

வரப்புல கூட்டிட்டுப் போறவங்க கவனம். குறுவைக்கு மருந்து அடிச்ச வயலைத் தாண்டிப் போங்க, கால் நக்கினாலே விஷம் உள்ள போகும். எலி மருந்து வச்ச வரப்பு இன்னும் ஆபத்து.

ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணி வந்தப்புறம் ஆத்துல நீந்த விடலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. நீச்சல் மூட்டுக்கு நல்லதுதான், நான் மறுக்கலை. ஆனா மணல் அள்ளின பள்ளம் எங்க இருக்குன்னு நமக்கே தெரியாது. குண்டு நாய் சீக்கிரம் களைச்சுப் போகும். இழுப்பில்லாத வாய்க்கால்ல, இடுப்பளவு தண்ணில, கயித்தைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான். எலிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்கான்னு பார்த்துக்கோங்க.

திண்ணை_வாசி

இவ்வளவு பாடுபட்டு என்னப்பா கிடைக்கப் போகுது? ஆசையா ரெண்டு வாய் தின்னுட்டு ரெண்டு வருஷம் முன்னாடி போனா என்ன?

ஓய்வு_கால்நடை

அந்த இரண்டு வருஷம் நீங்கள் சும்மா சொன்னது ஐயா, ஆனால் கணக்கு கிட்டத்தட்ட அதுவேதான். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட அதன் இணைக்குக் கால் பங்கு குறைத்துக் கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. நிறையத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் இறந்திருந்த வயது) 11.2 ஆண்டு, குறைத்துத் தின்றவற்றுக்கு 13. நிறையத் தின்றவை முன்னதாகப் போனதைவிட, இருந்த காலத்தில் எப்படி இருந்தன என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: அவற்றுக்கு மூட்டு வாதம் பல ஆண்டுகள் முன்னதாகவே வந்தது. திண்ணையிலிருந்து இறங்க யோசிக்கிற நாய் ஆசையாகத்தான் வாழ்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

மன்னை_மருமகள்

கொஞ்ச நாள் கழிச்சு வர்றேன். ரத்தப் பரிசோதனையில தைராய்டு சரியா இருக்கு. டப்பா பாட்டிகிட்டதான். எவர்சில்வர் டப்பா வேண்டாம்னுட்டு அவங்களோட பழைய பித்தளைச் சம்புடத்தைத் துலக்கிக் கொடுத்துட்டாங்க. இப்ப மாமனார் பிஸ்கட் எடுத்தா, "சம்புடத்துல கேளு"ன்னு அதட்டுறாங்க. நான் வாயே திறக்கலை.

41லேர்ந்து 38.9 வந்துட்டான். ஆனா அதுக்கப்புறம் தராசு அசையவே மாட்டேங்குது. டப்பாவை இன்னும் குறைக்கணுமா சார்?

ஓய்வு_கால்நடை

குறைப்பதற்கு முன் ஓட்டையைத் தேடுங்கள். எடை இறங்க இறங்கத் தேவையும் குறைவது உண்மைதான், ஆனால் 39இல் நிற்பது சற்று முன்னதாகவே தெரிகிறது. டப்பாவுக்கு வெளியே எங்கோ தின்கிறான். ஒரு நாள் முழுக்க ஒருவர் பின்னால் போய்ப் பாருங்கள். முடிந்தால் ஞாயிறு வேண்டாம், வேலை நாளில் பாருங்கள்.

மன்னை_மருமகள்

கண்டுபிடிச்சாச்சு சார். மனுஷங்க யாரும் இல்லை. கொல்லையில மாட்டுக்கு வைக்கிற தொட்டி. காலையில தவிடும் கடலைப் புண்ணாக்கும் ஊற வச்சுட்டு மாமியார் பால் கறக்கப் போவாங்க. அந்த இடைவெளியில இவன் தொட்டி விளிம்புல முன்னங்கால் ரெண்டையும் வச்சு, காது நனையற மாதிரி தலையை உள்ள விட்டுப் புண்ணாக்கை மட்டும் பொறுக்கி முழுங்கறான். மாடு பார்த்துக்கிட்டே நிக்குது.

சிப்பிப்பாறை_பிரியன்

😂😂 திண்ணை ஏற முடியாதவனுக்குத் தொட்டி ஏற முடியுதா!

ஓய்வு_கால்நடை

சிரிப்புக்கு நடுவே ஒன்று. கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். நாயின் கல்லீரல் அதைத் தாங்காது. மழைக்காலத்தில் ஈரம் பட்ட மூட்டை என்றால் பயம் அதிகம். வாந்தி, சோர்வு, கண் மஞ்சள் ஏதாவது தெரிந்தால் தாமதிக்காதீர்கள். எடைக்காக இல்லாவிட்டாலும் தொட்டியை அடைத்தாக வேண்டும். டப்பாவில் கை வைக்காதீர்கள், மூன்று வாரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மன்னை_மருமகள்

தொட்டிக்குப் பலகை போட்டு மேல அம்மிக்கல்லை ஏத்தியாச்சு சார். இப்ப 38.2. அடுத்து ஆடிப்பெருக்கு வருது, பாட்டி சர்க்கரைப் பொங்கல்ல ஒரு வாய் கொடுக்கலாமான்னு கேட்கச் சொன்னாங்க.

ஓய்வு_கால்நடை

உலர் திராட்சை போடுவீர்கள் அல்லவா? அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், எவ்வளவு தின்றால் கெடும் என்று அளவு சொல்ல முடியாது. பொங்கல் வேண்டவே வேண்டாம். அன்றைக்குத் தயிர் சாதத்தில் தாளிப்பதற்கு முன் ஒரு கரண்டி எடுத்துச் சம்புடத்தில் வைத்துவிடச் சொல்லுங்கள், இட்லிக்குப் பதில்.

மன்னை_மருமகள்

சொல்லிட்டேன். "ஒரு கரண்டின்னா எந்தக் கரண்டி"ன்னு கேக்கறாங்க. தராசை எடுத்துக் கொடுத்துட்டேன்.